அனக்கம் உண்டா?

அன்பு மகளே,

செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாய். கேரள எல்லையில் செங்கல், பாறசாலைப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் பெரியவர்கள் கேட்பது உனக்குப் பழகிய கேள்விதான்: "பிள்ளைக்கு அனக்கம் உண்டா?" தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் ஊரில் அனக்கம் என்றால் அசைவு. நாளை நீ கர்ப்பிணிகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே; அனக்கம் குறைவது பிள்ளைக்கு ஆபத்து என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

28 வாரம் கடந்த சிசு உயிரின்றிப் பிறப்பதை உலக சுகாதார நிறுவனம் 'இறந்த பிறப்பு' எனக் கணக்கிடுகிறது. 2021இல் உலகில் சுமார் 19 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவை, பிரசவ வலி தொடங்கியபோது உயிரோடு இருந்தவை.

இதை விதி என்று ஏற்காத ஒருவர் திருவிதாங்கூரில் இருந்தார். லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ், 1916இல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். வீட்டில் வயத்தாட்டி என்னும் மருத்துவச்சி பார்ப்பதே அன்றைய பிரசவம். அவர்களைப் பகைக்காமல், அவர்களுடைய பிள்ளைகளையே சேர்த்துப் பேறுகாலப் பயிற்சி கொடுத்தார் மேரி. 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார்.

இன்று கேரளத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். வீட்டைவிட்டு மருத்துவமனைக்கு வரவைக்கும் வேலை முடிந்துவிட்டது. வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதே மிச்சம்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தம் பார்; சிறுநீரில் புரதம் பார்; சர்க்கரை நோய்க்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் சோதிக்கச் செய். சிபிலிஸைப் பெனிசிலின் ஊசி குணப்படுத்தும். வயிற்றின் உயரத்தை டேப்பால் அளந்து வை; பிள்ளையின் வளர்ச்சி நின்றால் அது காட்டிக்கொடுக்கும். கடைசி மூன்று மாதம் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துத் தூங்கச் சொல். அனக்கம் குறைந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒருத்தியும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வரவேண்டும். பயந்துபோய் ஒன்றுமில்லாமல் வந்தவளையும் கடிந்துகொள்ளாதே. திட்டு வாங்கியவள் அடுத்தமுறை வரத் தயங்குவாள்.

பிரசவ அறையில் காது உன் கருவி. வலியின் முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. கேட்டதை உடனே எழுது. துடிப்பு இறங்கினால் மருத்துவரை அழைக்க யோசிக்காதே.

தாய்மார் மரணத்தில் கேரளம் கற்ற பாடம் ஒன்று உண்டு. 2004 முதல் கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, மருத்துவர் வி.பி. பைலியின் தலைமையில், தாய்மாரின் மரணங்களை ரகசியமாக ஆராய்ந்து வந்தது. பெயர் வேண்டாம், பழி வேண்டாம், காரணம் வேண்டும் என்பதே முறை. ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள் என்று தெரிந்ததும், அவற்றுக்கான சிகிச்சை நெறிகள் வகுக்கப்பட்டன. இறந்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதே விசாரிப்பு வேண்டும். 2030க்குள் ஆயிரம் பிறப்புக்கு இறந்த பிறப்பைப் பத்துக்குக் கீழே இறக்குவது இந்தியாவின் இலக்கு, 2014இல் வகுத்தது.

பிள்ளையை இழந்தவள் மறுபடி உண்டாகி உன் முன் வந்து உட்காருவாள். அவள் கார்டில் முதல் வரியாக, போன பிள்ளை எந்த வாரத்தில், ஏன் போனது என்று கேட்டு எழுது. அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் அதையும் கேள்.

அன்புடன்,
உன் பெரியம்மா