முன்சக்கரமின்றித் தரையிறங்கிய விமானம்

விமானம் மேலெழுந்ததும், காற்றுத்தடையைக் குறைக்கும்பொருட்டுச் சக்கரங்கள் உள்ளே மடக்கப்படுகின்றன. தரையிறங்குமுன் அவை விரிந்து, அசையாதபடி பூட்டிக்கொள்ளுதல் வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

2023 ஜூலை 11 அன்று பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து, அந்நகரின் பிறிதொரு நிலையமான கெம்பேகௌடா நிலையத்திற்குப் பிரிமியர் ஒன்-ஏ என்னும் சிறு ஜெட் விமானம் ஒன்று புறப்பட்டது. அதன் முன்சக்கர அமைப்பு பழுதுற்றது. பயணிகள் எவருமிலர், விமானிகள் இருவரே இருந்தனர். அவர்கள் திரும்பிவந்து, முன்சக்கரம் விரியாத நிலையிலேயே பத்திரமாகத் தரையிறங்கினர்.

இஃது எங்ஙனம் இயலும்? விமானத்தின் எடைமையம் பின்னுள்ள முதன்மைச் சக்கரங்களுக்குச் சற்று முன்னே அமைந்துள்ளது. ஆதலின் எடையின் பெரும்பகுதியை அச்சக்கரங்களே தாங்குகின்றன. அவை தரையைத் தொட்டபின்னும், வேகம் உள்ளவரை, வால்தட்டில் மோதும் காற்றைக் கொண்டு விமானி வாலைக் கீழே அழுத்தலாம். மூக்கு உயர்ந்தே நிற்கும். வேகம் குன்றியபின் அது மெல்லத் தாழும். உராய்வும் தீப்பொறியும் குறையும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஓர் அளவுகோலின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, அதன் அடியில் ஒரு பென்சிலை வைக்க. நீண்ட முனை தாழும். குறுகிய முனையை விரலால் சிறிது அழுத்தினால் நீண்ட முனை எழும். விரலை மெல்லத் தளர்த்தினால் மெல்லவே இறங்கும். திடீரென எடுத்தாலோ, மோதி விழும்.