வலைப்பின்னலில் மார்க்கம் தேர்தல்

நெசவாளர்க்கு வலைப்பின்னலை விளக்குவது எளிது. ஓர் இழை அறுந்தால் துணி பிரிந்து விடுவதில்லை. பக்கத்து இழைகள் தாங்கிக் கொள்கின்றன. அதுபோலவே, வீட்டுக் கூரைகளில் சிறு வானொலிக் கருவிகளை அமைத்து, ஒன்று மற்றொன்றின் செய்தியை வாங்கி அப்பால் அனுப்புமாறு செய்வது "மெஷ்" எனப்படும். மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியில் 2010ஆம் ஆண்டு முதல் நெசவாளர்கள் கம்பியில்லா இணையத் தொடர்பைப் பயன்படுத்தி வந்தனர். ஸ்பெயினில் கட்டலோனியா நாட்டார் 2004இல் தொடங்கிய "குய்ஃபி" வலை, கூட்டுறவு நெறியிலேயே வளர்ந்தது.

வி.பி.என். ஏன் வேண்டும்?

மணலி புதுநகரில் ஒரு சங்கம் இத்தகைய வலையை அமைக்கிறது எனக் கொள்வோம். வானொலி அலை நேர்ப் பார்வையில் செல்வது. ஆலைக் கட்டடங்களும் எண்ணெய்த் தொட்டிகளும் குறுக்கே நின்றால் எண்ணூர்ப் பக்கத்து அங்கத்தினர் எட்டாமற் போவர். அப்பொழுது இணைய நிறுவனத்தின் கம்பி வழியாக, பிறர் படிக்க இயலாதபடி பூட்டிய ஒரு சுரங்கப் பாதையை ஏற்படுத்துகிறோம். அதுவே வி.பி.என். தொலைவிலுள்ள தீவுகளை இணைக்க இது இன்றியமையாதது. ஆனால் தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு ஏமாற்றும் விதம்

எந்த மார்க்கம் நல்லது என்பதைக் கருவிகள் ஒரு கணக்கால் முடிவு செய்கின்றன. ஒரு செய்திப் பொட்டலம் பத்திரமாகச் சேர, சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்பதே அக்கணக்கு. சங்க அலுவலகத்திலிருந்து கிடங்கிற்கு, நடுவே ஓர் அங்கத்தினரின் கூரை வழியாக, இரண்டு வானொலிக் கண்ணிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100க்கு 90 பொட்டலங்கள் போய்ச் சேர்கின்றன. பெற்றுக்கொண்டதற்கான பதிலும் 100க்கு 90 திரும்புகிறது. இரண்டும் கூடுவது 100க்கு 81 முறை. எனவே ஒரு கண்ணியின் விலை 1.23, இரண்டிற்கும் சேர்த்து 2.47.

அலுவலகத்திலும் கிடங்கிலும் தனித்தனிக் கம்பி இணைப்பும், மும்பையில் வி.பி.என். நிலையமும் இருப்பதாகக் கொள்வோம். கம்பியில் பொட்டலம் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆகவே மும்பைக்கு 1, அங்கிருந்து கிடங்கிற்கு 1, கூட்டுத்தொகை 2. கருவி குறைந்த எண்ணையே தேர்ந்தெடுக்கும். கூப்பிடு தொலைவிலுள்ள கிடங்கிற்குப் போக வேண்டிய செய்தி, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் சென்று, அதே தூரம் திரும்பி வரும்! இரு கம்பிகளின் கணக்கிலும் அச்செய்தி பதிவாகும். அங்கத்தினர் பணம் வீணாகும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. போக்குவரத்து முழுவதும் கம்பியில் நடந்தால், கூரைக் கருவி பழுதடைவதை எவரும் கவனிப்பதில்லை. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாளில் நிறுவனக் கம்பி அற்றுப்போனால், மின்கலத்தால் இயங்கும் வானொலியே துணை. அன்றைக்கு அது ஊமையாயிருப்பின் வலை அமைத்த பயன் என்ன?

பரிகாரம்

முதலாவது, சுரங்கப் பாதையின் விலையைக் கையால் உயர்த்தி வைக்க வேண்டும். மூன்று மடங்காக்கினால் 2 என்பது 6 ஆகும். 2.47 உள்ள வானொலி வழியே வெல்லும். காற்றில் கம்பம் சாய்ந்து, ஒவ்வொரு திசையிலும் பாதிப் பொட்டலங்களே சேர்ந்தால், ஒரு கண்ணியின் விலை 4, இரண்டிற்கு 8. அப்பொழுது கருவி தானாகவே வி.பி.என்.னுக்கு மாறும். விலையை அளவு கடந்து உயர்த்தினால் இந்த உதவியும் கிட்டாது.

இரண்டாவது, தாமதத்தை அளந்து விலையிடும் முறையும் உண்டு. "பேபல்" எனும் மார்க்க நெறிக்கு 2024இல் வெளியான துணை விதி இத்தகையதே. தொலைவிலுள்ள சுரங்கம் தன் தாமதத்தாலேயே பின்தள்ளப்படும்.

மூன்றாவது, வி.பி.என். நிலையத்திற்குச் செல்லும் வழியை நிறுவனக் கம்பியோடு நிலையாகப் பிணைத்து விட வேண்டும். இல்லாவிடில் சுரங்கம் தனக்குள்ளேயே புக முயன்று, தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பாகும்.

நான்காவது, பூட்டும் உறையும் இடம் பிடிக்கும். 1,500 பைட் கொள்ளும் கம்பியில் "வயர்கார்டு" முறையில் 60 முதல் 80 பைட் வரை உறைக்கே போகும். பொட்டலத்தை 1,420 பைட்டுக்குள் அடக்கினால் செய்தி துண்டுபடாது.

நிர்வாகக் குழுவினர் மாதம் ஒருமுறை கம்பியை அவிழ்த்து வைத்து, வானொலி மட்டும் கொண்டு வலை இயங்குகிறதா எனச் சோதித்து, முடிவைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். சங்கத்தின் ரொக்கத்தைச் சரிபார்ப்பது போன்ற கடமையே இதுவும்.

ஆய்வு வட்டத்திற்கான வினாக்கள்

1. ஒரு வானொலிக் கண்ணியில் இரு திசையிலும் 100க்கு 80 பொட்டலங்கள் சேர்ந்தால் அதன் விலை யாது?
2. அத்தகைய மூன்று கண்ணிகள் கொண்ட வழியும், விலை 6 உள்ள சுரங்கமும் இருந்தால் கருவி எதைத் தேரும்?
3. நம் சங்கத்தில் கம்பி அற்றால் எந்த அங்கத்தினர் முதலில் துண்டிக்கப்படுவார்? அவருக்கு எந்தக் கூரை உதவும்?