புற்றுநோயும் மனச்சோர்வும்



புற்றுநோய் கண்டவர்களை வீடுகளில் சந்திக்கும்போது, சரீர நோவைச் சொல்லுகிறவர்கள் பலர்; மனத்துயரத்தைப் பற்றி வாய் திறப்பவர்கள் சிலரே. "சாமி, ஜெபிக்கவும் மனம் வரவில்லை, எனக்கு விசுவாசம் போய்விட்டதோ?" என்று கண்ணீரோடு கேட்பவர்களும் உண்டு. இக்கேள்விக்கு இன்று விடை காண்போம்.

இந்தச் சோர்வு பாவமா? அன்று. எலியாஸ் தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, தமக்குச் சாவு வரவேண்டுமென்று மன்றாடினாரே! ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. உறங்கவிட்டார், சம்மனசை அனுப்பி இருமுறை உணவளித்தார், அதன்பின்னரே அவரை வழிநடத்தினார். சரீரத்தைப் பேணாமல் மனத்தைத் தேற்ற முடியாதென்பது இதனால் விளங்குகிறதல்லவா?

மருத்துவர்கள் சொல்வதும் இதற்கு ஒத்ததே. வியாதியைப் பற்றிய பயம் மட்டுமல்ல. தீராத வலி, தூக்கமின்மை, சில மருந்துகள், கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றபின் தைராய்டு சுரப்பு குறைதல் ஆகியவையும் மனச்சோர்வை உண்டாக்கலாம். ஆகவே இது கோழைத்தனமன்று; தனக்கென மருந்துள்ள இன்னொரு வியாதி.

இதை அறிவது எப்படி? களைப்பும் பசியின்மையும் புற்றுநோயாலேயே வரலாம். ஆனால் பேரப்பிள்ளையின் முகங்கூட மகிழ்ச்சி தராமல், தன்னை வீட்டுக்குப் பாரமென்றும் தண்டிக்கப்பட்டவரென்றும் எண்ணி இரண்டு வாரம் ஒருவர் வாடினால், மருத்துவரிடம் சொல்லவேண்டும். மறைத்து வைத்தால், சிகிச்சையையே பாதியில் கைவிடும் ஆபத்து உண்டு.

தம் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியதே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று அங்கே நோயாளிகளின் மனநிலையைக் கவனிப்பதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கூச்சமின்றிக் கேளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்களைக் காணலாம்.

சிலருக்கு ஆலோசனையே போதும். சிலருக்கு மாத்திரையும் வேண்டும். அது பலன்தரச் சில வாரங்களாகும், நாமாக நிறுத்தலாகாது. மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிபென் உட்கொள்ளும் தாய்மார்கள் அதை மனநல மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்கவேண்டும்; மனச்சோர்வு மாத்திரைகளில் சில, அம்மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும்.

வீட்டாரே, "தைரியமாயிரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். முடிந்தால் மாலையில் கடற்கரைவரை கூட நடந்து வாருங்கள். ஜெபமாலை சொல்ல அவருக்குப் பலமில்லையானால் நீங்கள் சொல்லுங்கள். அவர் கேட்டிருந்தால் போதும். கரைவலையை ஒருவனே இழுப்பதுண்டா?

"இனி வாழ்ந்து என்ன?" என்று அவர் சொன்னால் அற்பமாய் எண்ணாதீர்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நோயில்பூசுதல் சாகுந்தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமானதன்று. அதற்கும் நற்கருணைக்கும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். வெறுமனே பேசிக்கொண்டிருக்க வேண்டுமென்றாலும் வருவேன்.