இரண்டாவது வண்டி எடுக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரே ஒரு ஜேசிபியை வைத்துக்கொண்டு உங்கப்பா வீடும் கட்டினார், உன்னையும் படிக்கவைத்தார். இப்போது சாவி உன் கைக்கு வந்திருக்கிறது. அடுத்து ஹிட்டாச்சி எடுக்கப் போகிறாய் என்று உங்கம்மா போனில் சொன்னாள். வேண்டாம் என்று தடுக்க நான் இதை எழுதவில்லை. வண்டி ஒரு மணி நேரம் ஓடினால் நமக்கு அடக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டாயா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். அப்பா தொழிலை ஏற்று நடத்தும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

புது ஜேசிபி ஒன்று 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 மணி ஓடிய பிறகு 12 லட்சத்துக்குப் போனால், மணிக்கு 240 ரூபாய் தேய்மானம். டீசல் 5 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் 465. ஆபரேட்டர் சம்பளம், பேட்டா 150. ஆயில், ஃபில்டர், டயர், டீத், ஹோஸ், பின், புஷ் எல்லாம் சேர்த்து 150. முப்பது லட்சம் கடனை நான்கு வருடத்தில் பத்தரை வட்டியில் அடைத்தால், மொத்த வட்டியை அந்த 10,000 மணிக்கும் பங்கிட்டு மணிக்கு 70 வரும். இன்ஷூரன்ஸ், வரிக்கு 40. மொத்தம் 1,115. பக்கத்து ஊர்க்காரர் 1,100-க்கு ஓட்டுகிறார் என்று நீயும் இறங்கினால், அவரைப் போலவே உன் வண்டியையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தின்கிறாய். டியூ கட்டி முடித்து அடுத்த வண்டி எடுக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

இந்தக் கணக்கு வருடத்துக்கு 1,500 மணி வேலை கிடைக்கும் என்று போட்டது. ஆயிரம் மணிதான் கிடைத்தால் இன்ஷூரன்ஸ், மாதச் சம்பளம் இரண்டுமே மணிக்கு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காடு ஈரமாகிவிட்டால் வண்டி இறங்காது. ஆனால் 76,800 ரூபாய் டியூ மாதாமாதம் போயே தீரும். மூன்று மாத டியூ பேங்கில் தனியாகக் கிடக்காமல் எந்தப் புது வண்டிக்கும் கையெழுத்துப் போடாதே.

இனி ஹிட்டாச்சிக்கு வருவோம். இருபது டன் செயின் வண்டியின் பக்கெட் ஏறக்குறைய 0.9 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பர் என்றால் 300 கன அடி, அதாவது எட்டரை கன மீட்டர். ஒன்பது பத்துப் பக்கெட்டில், மூன்றரை நிமிடத்தில் டிப்பர் நிறைந்துவிடும். மண் கொட்டும் இடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்க் கொட்டித் திரும்ப அரை மணி. அப்படியானால் வண்டி சும்மா நிற்காமல் இருக்க பத்து டிப்பராவது வேண்டும். உன்னிடம் இருப்பது இரண்டு. மீதி எட்டும் வாடகைக்கு யாரிடம் கிடைக்கும்? மார்கழி முதல் வைகாசி வரை எல்லோருக்கும் வேலை இருக்கும்போது அவர்கள் உன் சைட்டுக்குத்தான் வருவார்களா? இதற்குப் பதில் இல்லையென்றால், மணிக்குப் பன்னிரண்டு பதினைந்து லிட்டர் குடிக்கும் வண்டியை நிழலில் நிறுத்தி வைக்கத்தான் வாங்குகிறாய். அது டயர் வண்டி மாதிரி ரோட்டில் தானே ஓடியும் போகாது. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் லோபெட் டிரெய்லர் வாடகை. அரை நாள் வேலைக்கு அழைக்கிற தோட்டக்காரர் அதைக் கொடுக்க மாட்டார்.

உனக்கு வரும் வேலையைப் பார். வீட்டு அஸ்திவாரம், பைப்லைன், வரப்பு, தென்னந்தோப்புக் குழி, பண்ணைக்குட்டை. இதில் குட்டை மட்டும்தான் பெரிய வண்டிக்கான வேலை. டவுன் சந்துக்குள் ஜேசிபியே திரும்ப இடமில்லாமல் எத்தனை வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அப்பாவைக் கேள். என் மனதுக்குப் படுவது, மூன்று டன் மினி வண்டி ஒன்று உன் வீட்டுக்கு இப்போது அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். ஊரார் கண்ணுக்கு அது சின்னதாகத் தெரியலாம், தெரியட்டும்.

குட்டை வேலையை யூனிட் கணக்கில் பேசினால், குழி அளவா டிப்பர் அளவா என்று முதலிலேயே தாளில் எழுதிக்கொள். வெட்டிய மண் உப்பும். குழியில் 100 யூனிட் இருந்தது டிப்பரில் 125 ஆகும். இந்த 25 யூனிட்டுக்காகத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

எந்தக் கம்பெனி என்று கேட்பாய். கேட்டர்பில்லர் திருவள்ளூரிலும், கோமாட்சு ஒரகடத்திலும், கோபெல்கோ எல்லை தாண்டியதும் ஸ்ரீசிட்டியிலும் தொழிற்சாலை வைத்திருக்கின்றன. அதனால் உனக்கு என்ன? சனிக்கிழமை சாயங்காலம் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் ஞாயிறு காலைக்குள் பார்ட்ஸ் கொடுக்கும் கடையும், வந்து பார்க்கும் மெக்கானிக்கும் பக்கத்தில் இருக்கிற கம்பெனியே உனக்கு நல்ல கம்பெனி. புகைக் கட்டுப்பாட்டு விதி டயர் வண்டிகளுக்கு 2021 ஏப்ரலிலும், மறுபடி 2025 ஜனவரியிலும் இறுகியிருக்கிறது. புது இன்ஜின்களில் சென்சார் அதிகம். கேனில் வரும் ஊர் பேர் தெரியாத டீசலை அதில் ஊற்றவே கூடாது.

பழைய வண்டி பார்க்கப் போனால் மீட்டரை நம்பாதே. வண்டியைக் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல். பூமைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தானாக இறங்குகிறதா என்று பார். பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஆட்டிப் பார்த்தால் பின், புஷ்ஷின் ஆட்டம் தெரியும். செயின் வண்டி என்றால் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல் கூராகியிருந்தால், ரோலரில் ஆயில் கசிந்தால், சொன்ன விலையில் பெரிய தொகை குறைய வேண்டும். செயின் வண்டியின் ரிப்பேர் செலவில் ஏறக்குறைய பாதி அந்த அடிப்பகுதிக்கே போய்விடும்.

ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் போன் பண்ணுவார். ஏரியில் நாலு லோடு அள்ள வேண்டும், மணிக்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்பார். போகாதே. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. விவசாயிக்கு வண்டல் எடுக்க அரசு அனுமதி கொடுக்கிறது. ஆகவே அனுமதிக் கடிதமும் நடைச்சீட்டும் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உன் வண்டி ஸ்டேஷனில் துருப்பிடித்துக் கிடக்கும்போது, கூப்பிட்டவர் டியூ கட்ட வர மாட்டார்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் பைப்லைன் குழி. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். பைப் வைக்க ஹெல்பர் உள்ளே இறங்குகிறான், கரை சரிகிறது, மார்புவரை மூடினாலே மூச்சு விட முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் சரிவாக வெட்டு, இல்லையென்றால் பலகை முட்டுக் கொடு. அள்ளிய மண்ணைக் கரையோரம் குவிக்காமல் ஐந்தடியாவது தள்ளிப் போடு. மேலே கரண்ட் கம்பி இருந்தால் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பூமைத் தூக்கு. இதற்கு ஆகும் நேரத்தையும் ரேட்டில் சேர்த்துச் சொல். கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வேலை வேறு யாருக்காவது போகட்டும். இதில் மட்டும் நீ என்னோடு வாதாடாதே.

ஆபரேட்டர் அண்ணன் உங்கப்பா காலத்திலிருந்து இருப்பவர். தினமும் கிரீஸ் அடிக்கிறவர், சத்தத்தை வைத்தே பம்ப் பழுதைச் சொல்கிறவர். புது வண்டியில் உட்கார யாரைப் பழக்குவது என்று அவரிடமே கேள். அவர் சம்பளத்தை ஏற்றாமல் புது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக வீட்டு விஷயம். முதல் வண்டியில் உன் சித்தப்பா பணமும் இருக்கிறது. அவர் பங்கு எவ்வளவு, மாதம் யாருக்கு எவ்வளவு சம்பளம், புது வண்டி யார் பெயரில் என்று இன்னும் யாரும் எழுதிவைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று உங்கப்பா சொல்வார். நீ அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதே. வண்டி எந்த நாள் எங்கே ஓடியது, எத்தனை மணி, யார் பாக்கி என்று உங்கம்மா நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அந்த நோட்டில் போன வருடத்து மணியைக் கூட்டி, வராத பாக்கியைத் தனியாக எழுதி எடுத்துக்கொண்டு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. டீலரிடம் அதுவரை பதில் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மாமா