உடலின் வாயிற்காவலர்

நீலகிரி மலையில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அமைந்த ஊர் அருவங்காடு. மலை இரயில் நின்று செல்லும் இவ்வூரில், 1904-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று உள்ளது. வெடிமருந்து செய்யும் இடத்தில் சிறு தீப்பொறியும் பேரழிவை விளைக்கும். ஆதலின் இத்தகைய ஆலைகளுள் எவரும் தீப்பெட்டி கொண்டு செல்லுதல் கூடாது. வாயிற்காவலர் உலகிலுள்ள தீயோர் அனைவரையும் முகம் கண்டு அறிந்திருத்தல் இயலாது. உள்ளே வரத்தகாத பொருள் இன்னது என அறிந்திருத்தலே போதும்.

மனித உடலும் இவ்வாறே காக்கப்படுகின்றது. ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே கற்றுணர்ந்து எதிர்க்கும் படை ஒன்று உடலில் உண்டு. ஆயினும், புதிய பகைவனை எதிர்க்க அப்படை அணிவகுப்பதற்குப் பல நாள் ஆகும். பாக்டீரியாக்களுள் சிலவோ அரைமணி நேரத்திற்குள் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். படை வந்து சேரும் வரையில் உடலைக் காத்து நிற்பவை, பிறவியிலேயே அமைந்த காவலணுக்கள் ஆகும். இவை கிருமிகளுக்குப் பொதுவான சில அடையாளங்களை அறியும். அவற்றுள் ஒன்று, கிருமியின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.

மனித உயிரணுக்களிலும் டி.என்.ஏ. உண்டே! இரண்டும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துகளால் ஆனவை அல்லவா? அவ்வாறாயின் பகையையும் உறவையும் பிரித்தறிவது எங்ஙனம்?

சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இணை, பாக்டீரியாவின் டி.என்.ஏ.யில் மிகுதியாகக் காணப்படும். மனிதனிடத்தில் அவ்விணை அரிது. உள்ள இடங்களிலும் பெரும்பாலும் மெத்தில் என்னும் சிறு முத்திரை அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரையற்ற இணையே அயலானின் அடையாளம்.

காவலணு கிருமியை விழுங்கி, தன்னுள் இருக்கும் சிறு பையில் இட்டுச் சிதைக்கின்றது. அப்போது கிருமியின் டி.என்.ஏ. வெளிப்படும். அப்பையில் அமர்ந்துள்ள டி.எல்.ஆர்.-9 என்னும் ஏற்பி, முத்திரையற்ற இணையைப் பற்றியதும் அபாய அறிவிப்பு எழுகின்றது. நம் டி.என்.ஏ. உட்கருவினுள் அடங்கியிருத்தலால், அது இப்பைக்குள் எளிதில் வருவதில்லை. அடையாளம் ஒன்று, இடம் ஒன்று என இரண்டையும் நோக்கியே காவல் நடைபெறுகின்றது.

இவ்வுண்மை ஒரே நாளில் புலப்படவில்லை. 1984-ஆம் ஆண்டில் டோக்கியோவில் டோக்குனாகா முதலிய அறிஞர்கள், பி.சி.ஜி. கிருமியினின்று பிரித்த டி.என்.ஏ. எலிகளின் புற்றுக்கட்டியைத் தடுப்பதைக் கண்டனர். 1995-இல் அமெரிக்க அறிஞர் கிரீக் என்பாரும் அவர்தம் குழுவினரும், முத்திரையற்ற இணையே அதன் காரணம் என விளக்கினர். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் அக்கீராவின் குழுவினர், அதனை உணரும் ஏற்பியைக் கண்டறிந்தனர்.

காவலர் தவறினால் கேடு இருவகையில் வரும். பகைவனைக் காணத் தவறின் நோய் பெருகும். தன்னவரையே பகைவர் என மயங்கினாலோ உடல் தன்னையே தாக்கும். லூப்பஸ் என்னும் நோயில் உடலின் சொந்த டி.என்.ஏ.யே எதிர்க்கப்படுகின்றது.

இக்காவலரைத் துயிலெழுப்பும் கலையே தடுப்பூசியின் அடிப்படைகளுள் ஒன்று. அருவங்காட்டுக்கு அண்மையிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பெற்றது. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்த அந்நிலையம், பின்னர் முத்தடுப்பு ஊசி மருந்தும் செய்தது. அம்மருந்தில் உள்ள கக்குவான் கிருமி உயிரற்றது. எனினும் அதன் அடையாளங்களைக் கண்டு உடல் விழித்துக்கொள்ளும். ஐதராபாத்தில் உருவான கோர்பேவாக்ஸ் என்னும் கொரோனாத் தடுப்பூசியில், முத்திரையற்ற அந்த எழுத்திணையைக் கொண்ட துண்டையே செயற்கையாகச் செய்து சேர்த்தனர். 2022 மார்ச்சு 16 முதல், இந்நாட்டில் பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர்க்கு அது இடப்பட்டது. கிருமி வாராமலே, கிருமியின் அடையாளம் மட்டும் வந்து காவலரை எழுப்பிற்று.

பகையின் அடையாளத்தை அறிவதோடு, தன்னவரைத் தன்னவர் என்று அறிவதும் காவலாகும். அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உடலே நலமுடன் வாழும்.