புளிப்பு மண்ணில் சோயா மொச்சை

சோயா மொச்சை என்றதும் மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களே நம் நினைவுக்கு வருகின்றன. இங்கு நாம் எடுத்துக்கொள்வது வேறொரு நிலம்: ஜார்க்கண்டின் சோட்டா நாகபுரி பீடபூமியிலுள்ள செம்மண் மேட்டு நிலம். அங்கு மழைக்குக் குறைவில்லை, பாசனந்தான் இல்லை. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அரித்துச் சென்றுவிடுவதால் மண் புளித்துப்போகிறது.

பிஎச் மதிப்பு 5.5-க்குக் கீழே இறங்கும்போது, மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. நாம் இடும் மணிச்சத்து, இரும்புடனும் அலுமினியத்துடனும் பிணைந்து பயிருக்கு எட்டாமற் போகிறது. கடன் பெற்று வாங்கிய டிஏபி மூட்டையின் பெரும்பங்கு மண்ணிலேயே முடங்குகிறது என்பதே இதன் பொருள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்த்துத் தரும் ரைசோபிய நுண்ணுயிரும் இம்மண்ணில் பெருகுவதில்லை. ஆகவே, உரத்தைக் கூட்டுவதைவிடச் செலவின் வரிசையை மாற்றுவதே நாம் கூற விரும்பும் வழி.

முதலில் மண் பரிசோதனை. மண்வள அட்டையில் குறிக்கப்படும் 12 பண்புகளுள் பிஎச் மதிப்பும் ஒன்று. அடுத்தது சுண்ணாம்பு. நிலம் முழுவதும் தூவுவதாயின் எக்டேருக்கு டன் கணக்கில் தேவைப்படும்; சிறு விவசாயிக்கு அது தாங்காத செலவு. ராஞ்சியிலுள்ள பிர்சா வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இச்சுமையைப் பெரிதும் குறைக்கிறது. எக்டேருக்கு 3 முதல் 4 குவிண்டால் வரை, விதைக்கும் சாலில் மட்டும் இட்டு மண்ணால் மூடினால் போதும். இளவேர் முதலில் தொடும் மண் திருந்திவிடும். ஆனால் ஆண்டுதோறும் இட வேண்டும். வெள்ளையடிக்கும் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், அது விதையைப் பொசுக்கிவிடும். சுண்ணாம்புக்கல் தூளே ஏற்றது. அதனை டிஏபி-யுடன் கலக்கவும் கூடாது. அம்மோனியாவாகித் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

விதை நேர்த்தியில் பூஞ்சைக்கொல்லியை முதலிலும், கிலோவுக்கு 5 கிராம் ரைசோபியத்தை இறுதியிலும் கலந்து, நிழலில் உலர்த்தி உடனே விதைத்தல் நன்று.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் காரிப் பருவ உணவு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவீதமே. எனினும் அது தவிர்க்க இயலாத இடர்களுக்கானது. மண்ணின் புளிப்பு தவிர்க்கக் கூடியது. அதனால் குறையும் விளைச்சலுக்கு இழப்பீட்டை எதிர்பார்த்தல் இயலாது.

விதைத்த ஐந்தாறு வாரங்களில் இரண்டு மூன்று செடிகளை வேரோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாயின் நுண்ணுயிர் வேலை செய்கிறது. வெளிறியிருந்தால், அடுத்த விதைப்புக்குக் கடன் கோரும் முன் மண்ணை மீண்டும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.