நேற்று வேகமாக இருந்த வயர்லெஸ் இன்று ஏன் மெதுவாகிறது?

என் பெரியப்பா தஞ்சாவூரில் இருக்கிறார். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் ஏற்கனவே ஒரு டெஸ்க்டாப் உண்டு. அது கேபிள் மூலம் ரவுட்டரோடு இணைந்திருக்கிறது. குடும்பப் போட்டோக்களையும் வீடியோக்களையும் லேப்டாப்பிலிருந்து வயர்லெஸ் வழியாக அந்த டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வைப்பது பெரியப்பாவின் வழக்கம்.

ஒரு நாள் போன் செய்தார். "நேத்து வரைக்கும் பத்து நிமிஷத்துல போன போல்டர், இன்னிக்கு அரை மணி நேரமாகியும் போகலடா" என்றார். நான் சென்னையில் அலுவலக அவசரத்தில் இருந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல், "ரவுட்டர் பழசாயிடுச்சு பெரியப்பா, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் 2,200 ரூபாய் கொடுத்துப் புது ரவுட்டர் வாங்கினார். வேகம் கொஞ்சமும் கூடவில்லை.

சாப்ட்வேர் இன்ஜினியர் என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த இந்தத் தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நான்கு சோதனைகள்

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, போனிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "நேற்று சரியாக இருந்தது என்றால், இடையில் என்ன மாறியது?" பெரியப்பா யோசித்துச் சொன்னார். முந்தின நாள் இரவு அப்டேட் செய்யவா என்று திரையில் கேட்டதாம். சரி என்று அழுத்தினாராம். அதன் பிறகு நான்கு சோதனைகள் செய்து பார்த்தேன்.

முதல் சோதனை: லேப்டாப்பையும் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்து அதே போல்டரைக் காப்பி செய்தேன். பழைய வேகம் வந்தது. ஆகவே டெஸ்க்டாப்பிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ குறை இல்லை. பிரச்சினை வயர்லெஸ் பகுதியில் இருக்கிறது.

இரண்டாவது சோதனை: கேபிளை எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு பைலை வயர்லெஸ்ஸில் எடுத்தேன். வேகமாக வந்தது. லேப்டாப்பிலிருந்து அனுப்பும்போது மட்டுமே மெதுவாகப் போனது. சிக்னல் பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு திசையிலும் பாதிப்பு தெரியும். ஒரு திசையில் மட்டும் குறை என்றால் அனுப்பும் கருவியின் மீது சந்தேகம் விழ வேண்டும்.

மூன்றாவது சோதனை: என் லேப்டாப்பை அதே மேஜையில் வைத்து அதே வேலையைச் செய்தேன். இரண்டு திசையிலும் வேகம். புது ரவுட்டரைக் கழற்றிப் பழையதை மாட்டிப் பார்த்தேன். அதிலும் வேகம். பாவம், பழைய ரவுட்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நான்காவது சோதனை: பெரியப்பாவின் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, தொடக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வேகம் திரும்பியது. புதிய கெர்னலுக்கு மாறினேன், மீண்டும் மெதுவானது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே முடிவு. ஒரு முறை மட்டும் பார்த்திருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

கெர்னல் என்றால் என்ன?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதிதான் கெர்னல். மெமரி, டிஸ்க், வயர்லெஸ் கார்டு எல்லாவற்றையும் நேரடியாக இயக்குவது இதுவே. லினக்ஸ் கெர்னலில் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருப்பது சாதாரணம். அவற்றில் ஏதாவது ஒரு மாற்றத்தால், முன்பு சரியாக இருந்த ஒன்று கெட்டுப்போகலாம். இதைத்தான் ரெக்ரஷன் என்கிறார்கள்.

பெரியப்பாவின் லேப்டாப்பைச் சில வாரங்கள் பழைய கெர்னலிலேயே ஓட்டினோம். அடுத்து வந்த அப்டேட்டில் குறை சரியானது. ஆனால் வேகத்தைக் கூட்டவும் தாமதத்தைக் குறைக்கவும் செய்த ஒரு நல்ல மாற்றமே வயர்லெஸ்ஸைக் கெடுத்த கதை ஒன்று லினக்ஸ் வரலாற்றில் இருக்கிறது. அதிலும் இதே அடையாளம்தான். அனுப்பும்போது மட்டும் வேகம் குறைந்தது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வயர்லெஸ் கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதும் புரியும்.

வரிசை ஏன் நீளக்கூடாது?

நீங்கள் ஒரு பெரிய வீடியோவை அனுப்பும்போது, கம்ப்யூட்டர் அதைச் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு பாக்கெட் சுமார் 1,500 பைட். இவை நெட்வொர்க் கார்டின் வாசலில் வரிசையாக நிற்கும். ரேஷன் கடையில் ஒருவரே ஐம்பது கார்டுகளோடு முன்னால் நின்றால், பின்னால் ஒரே கார்டோடு வந்தவர் என்ன ஆவார்? அதுபோல, பெரிய வீடியோவின் பாக்கெட்டுகள் வரிசையை நிரப்பிவிட்டால், வீடியோ கால் பாக்கெட் பின்னால் மாட்டிக்கொள்ளும். பேச்சு விட்டு விட்டு வரும். இந்தத் தொல்லைக்கு பபர்புளோட் என்று பெயர்.

இதைக் குறைக்க, கூகுள் நிறுவனத்தின் எரிக் டுமாசெட் என்ற இன்ஜினியர் ஒரு வசதியை எழுதினார். அது 2012ல் வந்த லினக்ஸ் 3.6 பதிப்பில் சேர்ந்தது. பெயர் டிசிபி ஸ்மால் க்யூஸ். விதி எளிமையானது. ஒரு இணைப்பு 128 கிலோபைட் அளவுக்கு மேல் வரிசையில் பாக்கெட்டுகளை வைக்கக்கூடாது. அனுப்பி முடித்துவிட்டேன் என்று நெட்வொர்க் கார்டு சொன்ன பிறகுதான் அடுத்ததை வைக்கலாம்.

மெதுவான இணைப்புக்கு 128 கிலோபைட் என்பது அதிகம். மிக வேகமான இணைப்புக்கு அதுவே போதாது. எனவே 2013ல் வந்த 3.12 பதிப்பில் இந்த நிலையான எண்ணை மாற்றினார்கள். இணைப்பு அப்போது எந்த வேகத்தில் போகிறதோ, அந்த வேகத்தில் ஓரிரு மில்லி செகண்டில் போகக்கூடிய அளவு, அல்லது இரண்டு பாக்கெட், இதில் எது அதிகமோ அதுவே எல்லை. ஒரு மில்லி செகண்ட் என்பது ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படிக்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் அந்தப் பதிப்பு வெளியானதும், சில கேபிள் நெட்வொர்க் கார்டுகளிலும் பல வயர்லெஸ் கார்டுகளிலும் வேகம் குறைந்துவிட்டதாகப் புகார்கள் வந்தன.

ஷேர் ஆட்டோ கணக்கு

கேபிளில் பாக்கெட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். வயர்லெஸ் அப்படியல்ல. காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறை வரும்வரை கார்டு காத்திருக்க வேண்டும். பேசி முடித்ததும், கிடைத்தது என்று மறுமுனை பதில் தர வேண்டும். ஒரு பாக்கெட்டை அனுப்பினாலும் ஐம்பதை அனுப்பினாலும் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே 2009ல் வந்த 802.11என் என்ற வயர்லெஸ் முறையில், பல பாக்கெட்டுகளை ஒரே நடையில் சேர்த்து அனுப்பும் வழி வந்தது. ஒரு நடையில் 64 வரை போகலாம். இதை ஷேர் ஆட்டோவுடன் ஒப்பிடலாம். ஆள் நிறைந்து போனால்தான் டிரைவருக்குக் கட்டுப்படியாகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மில்லி செகண்டில் போவது 12,500 பைட். அதாவது சுமார் 8 பாக்கெட். 64 பேர் ஏறக்கூடிய வண்டி 8 பேரோடு கிளம்புகிறது! 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மில்லி செகண்டுக்கு இரண்டு பாக்கெட்கூட இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி காலியாகப் போவதால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததால், அதை வைத்துக் கணக்கிடும் எல்லையும் குறைகிறது. எல்லை குறைந்ததால் அடுத்த வண்டியும் காலியாகப் போகிறது. இந்தச் சுழலிலிருந்து இணைப்பு தானாக வெளியே வருவது கடினம்.

டவுன்லோட் மட்டும் ஏன் பாதிக்கப்படவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். இந்த விதி அனுப்பும் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. அதுவும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. அதனால் ஒரு பைலை அனுப்பினால் மெதுவாகவும், நான்கு பைல்களை ஒரே நேரத்தில் தனித்தனி இணைப்பில் அனுப்பினால் மொத்தத்தில் வேகமாகவும் போகும். இப்படி ஒரு விசித்திரத்தைப் பார்த்தால் பிரச்சினை சிக்னலில் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எப்படிச் சரி செய்தார்கள்?

2013 நவம்பரிலேயே டுமாசெட் ஒரு திருத்தம் எழுதினார். புதிய கணக்கு இருக்கட்டும், ஆனால் குறைந்தது 128 கிலோபைட்டாவது அனுமதிக்க வேண்டும் என்றது அந்தத் திருத்தம். வயர்லெஸ் வண்டி நிறைய இது போதுமானது. ஆனால் 2015ல் வந்த 3.19 பதிப்பில் இந்தக் கணக்கு மீண்டும் மாறியது. வயர்லெஸ் புகார்களும் மீண்டும் வந்தன.

நிலையான தீர்வு 2018ல்தான் கிடைத்தது. ஒரே எண்ணை எல்லோருக்கும் வைக்காமல், தனக்கு எவ்வளவு வரிசை வேண்டும் என்று வயர்லெஸ் பகுதியே சொல்லும்படி செய்தார்கள். கேபிளுக்கு ஒரு மில்லி செகண்ட் அப்படியே இருந்தது. வயர்லெஸ்ஸுக்குச் சுமார் நான்கு மில்லி செகண்ட் ஆனது. ஏத்9கே என்ற வயர்லெஸ் டிரைவரில் இதனால் வேகம் சுமார் 40 சதவீதம் கூடியது. நான்குக்கு மேல் கூட்டிப் பார்த்தபோது பலன் எதுவும் இல்லை. வரிசை நீளவும் இல்லை, வண்டி காலியாகவும் போகவில்லை.

பத்தாயிரத்தில் ஒன்றை எப்படிப் பிடிப்பது?

கோயில் திருவிழாவில் சீரியல் செட் எரியாவிட்டால், எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பல்பாகப் பார்ப்பதில்லை. நடுவில் டெஸ்டரை வைப்பார். அங்கே கரண்ட் இருந்தால் குறை அடுத்த பாதியில். இல்லையென்றால் முதல் பாதியில். பிறகு அந்தப் பாதியின் நடுவில் வைப்பார்.

கெர்னல் எழுதுபவர்கள் செய்வதும் இதுதான். சரியாக இருந்த பதிப்புக்கும் கெட்டுப்போன பதிப்புக்கும் நடுவில் உள்ள ஒன்றைப் போட்டுச் சோதிப்பார்கள். கிட் பைசெக்ட் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 14 சோதனைகளில் குற்றவாளி கிடைத்துவிடும். ஒரு நிபந்தனைதான். எது சரியாக இருந்தது, எது கெட்டது என்று பயன்படுத்துபவர் சரியாகச் சொல்ல வேண்டும். அதாவது நீங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. வேகம் குறைந்ததும் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக என்ன மாறியது என்பதே. அப்டேட் செய்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரவுட்டரையும் இடத்தையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

3. கேபிளிலும் வயர்லெஸ்ஸிலும், அனுப்பும்போதும் பெறும்போதும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள்.

4. உபுண்டு பயன்படுத்துபவர்கள், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்றால் பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

5. விண்டோஸ் பயன்படுத்துபவர்கள், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் செல்லுங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் வயர்லெஸ் கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டிரைவர் டேபில் ரோல் பேக் டிரைவர் என்ற பட்டனைப் பாருங்கள். பழைய டிரைவர் சேமிக்கப்பட்டிருந்தால் அந்தப் பட்டனை அழுத்த முடியும்.

6. பழைய பதிப்பிலேயே நிரந்தரமாக இருந்துவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய பதிப்புகளில்தான் வருகின்றன. அடுத்த அப்டேட் வந்ததும் மறுபடி சோதியுங்கள்.

7. இவ்வளவும் பார்த்த பிறகு, தேவை என்றால் மட்டும் புதுப் பொருள் வாங்குங்கள்.

ரவுட்டருக்கான 2,200 ரூபாயைப் பெரியப்பாவிடம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "பணம் வேண்டாம்டா. அடுத்த தடவை பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளு, அது போதும்" என்றார்.